மின்கம்பத்தைப் பார்த்து விலை கேட்ட அக்கா

எங்கள் தெருமுனைக்குக் காய்கறி வண்டி வந்தால் எல்லோரும் காயைப் பார்ப்பார்கள். மீன்காரக்கா மட்டும் மின்கம்பத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே, "கத்திரிக்கா இன்னா வெல?" என்பார். வண்டிக்காரர் ஒரு விலை சொல்வார். அக்காவின் பார்வை கம்பத்திலிருந்து ஒயருக்குப் போகும், ஒயரிலிருந்து அதில் உட்கார்ந்திருக்கிற காக்காய்க்குப் போகும். கத்தரிக்காய் இருக்கிற திசைக்கு மட்டும் வராது. வண்டிக்காரர் தானாகவே கொஞ்சம் குறைப்பார். "சரி, போடு" என்று காக்காயிடம் சொல்லிவிட்டு அக்கா முந்தானையை விரிப்பார். வாங்கியதைப் பார்த்தால் ஒரு சொத்தைக் காய் இருக்காது. எப்போது பொறுக்கினார், எந்தக் கண்ணால் பொறுக்கினார் என்பது வண்டிக்காரருக்கே தெரியாது.

அக்காவுக்குப் பேர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தாலும் வேறு யாரையோ என்று நினைத்திருப்பார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவர் ஊர். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் போட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து செங்கல்பட்டு வந்து எங்கள் தெருமுனையில் இறக்குவார். நான் அப்போது குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிமெண்ட், கட்டில், கல்யாணப் பாத்திரம் என்று எதை ஏற்றச் சொன்னாலும் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. சவாரி வராத காலையில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பேன். பாதி நாள் அதுதான் எனக்கு நாஸ்தா.

இந்தப் பார்க்காத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு காட்டிக்குடுத்துரும் நைனா. வாயி எவ்ளோ வேணா பொய் சொல்லும். இந்தக் கண்ணுக்கு மட்டும் அந்த வேல தெரியாது."

கரையில் ஏலம் எப்படி நடக்கிறது என்று அப்புறம் சொன்னார். மீன்பிடிப் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, கரைக்கு வந்து நிற்கும். மீனைக் குவியல் குவியலாக மணலில் கொட்டுவார்கள். ஏலம் விடுகிற ஆள் மீனைப் பார்க்கமாட்டானாம், சுற்றி நிற்கிற பொம்பளைகளின் கண்ணைத்தான் பார்ப்பானாம். ஒருத்தியின் கண் ஒரு குவியலில் ரெண்டு தடவை விழுந்துவிட்டால் போதும், அவன் விலையை ஏற்றிவிடுவான். பக்கத்தில் நிற்கிறவளும் வேண்டுமென்றே ஏற்றிக் கேட்பாள். "நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல வஞ்சிரத்தைப் பாத்துகினு நின்னேன், கேள்விப்படாத வெலைக்கு என் தலைல கட்டுனானுங்க. அன்னைல இருந்து லைட் ஹவுஸைப் பாத்துதான் ஏலம் கேக்கறது. லைட் ஹவுஸுக்கு எவனும் வெல ஏத்த முடியாதில்ல?"

ஏலத்துக்கு என்று ஆரம்பித்த பழக்கம் மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

என் வீட்டுக்காரி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி பஸ் பிடிக்கிற அவசரத்திலும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிற ஒரு குடும்பம் பழைய பீரோ ஒன்றை விற்பதாக அவள் கேள்விப்பட்டதும் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே நுழைந்ததும் அக்கா தலையைத் தூக்கி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தவர்தான், குனியவே இல்லை. "இது குடுப்பியா? இன்னா வெல? காத்து நல்லா வருமா?" என்று ஃபேனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டம்மா, "ஃபேன் தர்றதா இல்லங்க. பீரோ வேணும்னா கொறச்சுக் குடுக்கறோம், எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சாத குறைதான். பீரோ நாங்கள் நினைத்ததற்கும் கீழே வந்தது. வெளியே வந்ததும் அக்கா, "எடதுபக்கக் கதவுல கீல் தளர்ந்து கீது, எண்ண வுடுங்க" என்றார்.

அக்கா தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இதேதான். கல்பாக்கம் பக்கத்தில் இன்னொரு குப்பத்துப் பெண். பெண் வந்து தண்ணீர் கொடுத்து, கும்பிட்டு, உட்கார்ந்து, எழுந்து உள்ளே போகிறவரை அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மகனும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்து, வெளியே வந்து ரகசியமாகக் கேட்டிருக்கிறான். "பைத்தியக்காரா, அவ காதுக்குக் கீழ ஒரு மச்சம் கீது பாரு, நம்ம வூட்டுக்குன்னே வெச்ச மாரி" என்றாராம். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது சொம்புக்கு மேலே பார்த்தாராம். அந்த மருமகள் இன்றைக்கும் யார் வந்தாலும் இதைச் சொல்வாள்: "எங்க மாமியா என்னைப் பாக்க வரல, அன்னைக்கு அமாவாச எப்பன்னு பாக்க வந்தாங்க."

சிரிப்பாகத்தான் இருந்தது எல்லாம், அந்த ஐப்பசி மழைக்காலம் வரை.

மழை முடிகிற சமயம், கொஞ்ச நாளாக அக்கா கொண்டுவருகிற மீன் வேறு மாதிரி இருந்தது. ஐஸ் வைத்த மீன். மொத்தக் கடையில் எடுத்தது என்று தொட்டாலே தெரிந்தது. கூவி விற்கிற குரலும் இறங்கியிருந்தது. "இன்னாக்கா, கடல்ல மீன் இல்லியா?" என்று கேட்டேன்.

"கடல்ல கீது. எங்கூட்டுக்காரரு கரைல கீறாரு."

அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காரணம் ஒரு நாய்.

அவர்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் விருந்தினர் விடுதி ஒன்று இருந்து, மூடிவிட்டார்கள். போகும்போது தங்கள் லேப்ரடார் நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக, பெரிய தலையோடு இருக்குமாம். அதற்கு அங்கே ஏதோ இங்கிலீஷ் பேர் இருந்திருக்கிறது. குப்பத்தில் அதன் நிறத்தைப் பார்த்து தொரை என்று கூப்பிட்டார்கள். அது அக்கா வீட்டுக்காரரிடம் ஒட்டிக்கொண்டது. அவர் ஃபைபர் போட்டில் போனால் திரும்புகிறவரை கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். போட்டு தெரிந்ததும் அலையில் இறங்கி நீந்தி எதிரே போகும். வருஷக்கணக்காக அப்படி. மழை ஆரம்பித்த வாரத்தில், வயதாகி, தூக்கத்திலேயே செத்துப்போனது.

"அதுக்கப்பறம் ரெண்டு நாளு போனாரு. மூணாம் நாளு போட்டை ஏத்திப் போட்டாரு. கரைக்கு வந்தா ஒருத்தரும் இல்லாத மாரி கீதாம். எனக்கு வந்துச்சு பாரு கோவம். யோவ், நான் இன்னா செத்தா பூட்டேன், முப்பது வருசமா கரைல வந்து நிக்கிறேனே, எம்மூஞ்சி தெரியலியான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

அக்கா கூடையில் கிடந்த கானாங்கத்தை மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டார்.

"'நீ எப்ப என்னைப் பாத்த? லைட் ஹவுஸத்தானே பாத்துகினு நிப்ப' அப்பிடின்றாரு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"போட்டு வரசொல்ல நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டேன் நைனா. ஏலத்துக்காவ மட்டும் இல்ல. எல்லாம் திரும்புச்சா, ஒண்ணு கொறையுதான்னு எண்ண ஆரம்பிச்சா அப்பறம் கரைல நிக்க முடியாது. அதெல்லாம் அவராண்ட சொல்லிகினு இருக்க முடியுமா? வேணும்ன்றத பாக்கற பழக்கம் எனக்கு வுட்டுப்போச்சு."

தெருநாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுபோய் விடலாமே, காசில்லாமல் கிடைக்குமே என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நாலு கொண்டாந்து வுட்டுட்டேன். எல்லாத்துக்கும் சோறு வெக்கிறாரு. ஒண்ணத்தையும் கூப்ட மாட்றாரு. அதே சாதிதான் வாங்கணும். அதே மாரி மொறம் கணக்கா தலை. நீ உன் வண்டில என்னைக் கூட்டிகினு போ. வெல நீதான் பேசணும்."

"நானா? உங்களை விட்டுட்டு நானா பேசறது?"

"எனக்கு வேணும்ன்றதால சொல்றேன். ஆசப்பட்டவ வாயி நேரா நிக்காது. நீ பேசு, நான் அப்பால நிக்கிறேன்."

அன்றிலிருந்து எங்கள் தெருமுனையில் பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான்: சாதி நாய்க்குட்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம். ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தன் பத்தாயிரம் என்றான். இன்னொருத்தன், பேப்பரோடு என்றால் இருபதுக்கு மேலே போகும் என்றான். பேப்பர் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். அதன் அப்பா யாரு, அம்மா யாரு, தாத்தா யாரு என்று எழுதி, சங்கத்து முத்திரை வைத்துக் கொடுப்பார்கள் என்றான்.

"எனக்கே அந்தப் பேப்பர் இல்ல. நாய்க்கு இன்னாத்துக்கு? அதில்லாத குட்டியாப் பாரு."

என் வீட்டுக்காரி வேறு கோணத்தில் கேட்டாள். "யக்கா, மாமா ஒரு மாசம் கடலுக்குப் போனா எவ்ளோ வரும்? அதை வெச்சுப் பாத்தா எவ்ளோ வேணா குடுக்கலாமே."

"அது தப்புக் கணக்கு கண்ணு. என் அவசரம் எவ்ளோன்னு பாத்து வெல போட்டா அது விக்கிறவன் கணக்கு. வாங்கறவ அந்தக் கணக்குப் போட ஆரம்பிச்சா வூட்டை எழுதி வெச்சுட்டுத்தான் எழுந்திரிக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "எட்டு. எட்டாயிரத்துக்கு மேல ஒரு ரூவா கெடையாது. கேக்கலன்னா எழுந்து வந்துகினே இருக்கணும்."

இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் எட்டு என்று சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மறுநாள் குரலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

மறைமலைநகரில் ஒருவர் வீட்டில் லேப்ரடார் குட்டி போட்டிருப்பதாக என் வீட்டுக்காரியின் கம்பெனியில் கூட வேலை செய்கிறவள் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவர் கூடையில் மீன் இல்லை, மடித்த பழைய புடவை ஒன்றுதான் இருந்தது. வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. குட்டியைத் தொடாதே. அழகாக இருக்கிறது என்று வாயில் வரக்கூடாது. முதலில் ஒரு குறை சொல்லு. நான் "வெயிலு ஏறுது நைனா" என்று சொன்னால் இன்னும் கீழே இறங்கிக் கேள். "வண்டிய எடு" என்றால் எழுந்துவிடு.

அந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றிலிருந்து வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவர். கார் ஷெட்டில் காரைக் காணோம், தாய் நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது, அதைச் சுற்றிக் குட்டிகள். நாலு குட்டிக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாயிற்று, மூன்றுதான் மிச்சம் என்றார். ஊசி போட்ட அட்டை உண்டு, பேப்பர் கிடையாது. பதினாலாயிரம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "குட்டிங்க கொஞ்சம் சோர்வா இருக்கிற மாதிரி தெரியுதே."

"இப்பதான் சாப்பிட்டுத் தூங்குது சார்."

"காது ரெண்டும் தொங்குது."

"லேப்ரடாருக்குக் காது தொங்கத்தான் செய்யும்."

அதற்கப்புறம் என்ன குறை சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா கேட்டருகே நின்று பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்த தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே வீட்டுச் சொந்தக்காரரிடம், "அந்தத் தொட்டி எத்தினி லிட்டரு?" என்றார்.

"தெரியாதும்மா. அது அவங்க வீடு."

"கறுப்புத் தொட்டில தண்ணி சூடாப் பூடுமே."

வீட்டுச் சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக, "ஏழு ரூபா குடுக்கறோம் சார்" என்றேன். இவ்வளவு சின்னக் குரலில் நான் எப்போதும் பேசியதில்லை. அவர் ஏழா என்று கேட்டு லேசாகச் சிரித்தார். வண்டிக்காரப் பேச்சு பேசி, அது இது என்று சொல்லி, எப்படியோ பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை. பின்னாலிருந்து, "வெயிலு ஏறுது நைனா."

"கொஞ்சம் பாத்து... எட்டு..."

அவர் கேட்டருகே நின்ற அக்காவைப் பார்த்தார். "குட்டி யாருக்கு சார்? உங்களுக்கா?" என்றார்.

"இல்ல, அக்கா வீட்டுக்கு."

"வந்ததுலேர்ந்து அவங்க ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பல சார்." அவர் குரல் ஏறவில்லை, ஆனால் கெட்டியாகிவிட்டது. "போன தடவை இப்படித்தான் ஒருத்தர் ஃபோனைப் பாத்துக்கிட்டே வெலை பேசி, பாத்துக்கிட்டே காசு குடுத்து, தூக்கிட்டுப் போனார். அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன், மொட்டைமாடில கட்டிப்போட்டிருந்தாங்க, வெயில்ல. சண்டை போட்டுத் திருப்பி எடுத்துட்டு வந்தேன். எனக்கு வெலை பிரச்சினை இல்ல. குட்டியைப் பாக்காதவங்களுக்கு நான் தர்றதில்ல. தப்பா நெனைக்காதீங்க, நீங்க கெளம்புங்க."

சொல்லிவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

முப்பது வருஷம் எத்தனையோ ஏலத்தில் அக்காவைக் காப்பாற்றிய வித்தை இந்த இடத்தில் குட்டியையே கைநழுவ வைத்துவிட்டது. குப்பத்தில் கவிழ்த்துப் போட்ட போட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்துக்கொண்டேன். நான் பார்த்ததே இல்லை அவரை, ஆனாலும் கண்ணில் வந்தார்.

அக்கா கேட்டைத் தாண்டவில்லை. தண்ணித் தொட்டியிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார். "பாத்தா நீ வெல ஏத்துவியா?"

"என்னம்மா?"

"நான் திரும்பிப் பாத்தா. எனக்கு வேணும்னு உனக்குத் தெரிஞ்சுப்பூடும். ஏத்துவியா மாட்டியா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நடுவில் புகுந்து, அக்கா கரையில் ஏலம் எடுக்கிறவர், வேண்டிய பொருளைப் பார்க்கிற வழக்கமே இல்லை என்று குளறிக் குளறிச் சொன்னேன். மனுஷன் கேட்டுவிட்டு, திறந்த கேட்டைத் திரும்பச் சாத்தினார். பிறகு, "ஏத்தமாட்டேன்மா. பாருங்க" என்றார்.

"பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

அக்கா திரும்பினார். ஷெட்டுக்குள் வந்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பார்த்தார், அவ்வளவுதான். பசித்தவர் சாப்பிடுவது போலப் பார்த்தார். எத்தனை வருஷப் பழக்கம் எனக்கு, அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு குட்டி எழுந்து தள்ளாடி வந்து அவர் விரலை மோந்து பார்த்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத மீன் வாசனை அந்த விரலில் உண்டு. அதற்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"எதுக்கும்மா நாய்?" என்றார் வீட்டுச் சொந்தக்காரர்.

"எங்கூட்டுக்காரரு கடல்ல இருந்து வரசொல்ல கரைல ஒக்காந்து பாக்கறதுக்கு."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. "எவ்ளோ குடுப்பீங்க? நீங்களே சொல்லுங்க. சார் சொல்ல வேணாம்" என்றார்.

முதலில் விலை சொல்வது அக்கா வாழ்க்கையில் செய்யாத காரியம். எட்டு என்று வரப்போகிறது, இந்த மனுஷன் என்ன செய்வானோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பதினொண்ணு" என்றார் அக்கா.

"சரி" என்றார் அவர்.

எட்டாயிரம் சுருக்குப்பையில் இருந்தது. மூவாயிரம் இடுப்பில் முந்தானை முடிச்சில் இருந்தது. அதற்கும் பின்னால் இன்னொரு முடிச்சு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவர் பாணியிலேயே பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை அக்கா மடியில் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டி கூடைக்குள் பழைய புடவையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று தொடைமேல் அடித்துக்கொண்டார்.

"ஒடனே சரின்னுட்டான் பாத்தியா?"

"நல்லதுதானேக்கா."

"இன்னா நல்லது? சொன்ன ஒடனே சரின்னா நான் ராங்கா சொல்லிட்டேன்னு அர்த்தம். பத்துன்னிருந்தாலும் சரின்னிருப்பான். ஒம்பதுக்கே குடுத்திருப்பான் அந்த ஆளு, நல்ல ஆளு."

"எட்டுன்னுதானே சொல்றதா இருந்துச்சு?"

"எட்டுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இது வெரலக் கட்ச்சிகினு இருந்துச்சு நைனா. நீ கூட இருந்து இன்னா பிரயோஜனம்? வாயப் பொத்தியிருக்கக்கூடாது?"

குப்பம் வருகிறவரை அந்த மூவாயிரத்துக்காக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குத் திட்டு உறைக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்ட அந்த நிமிஷத்திலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த கனம் ஒவ்வொரு திட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் நினைத்தபடியே அக்கா வீட்டுக்காரர் போட்டில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, உயரமான மனுஷன். அக்கா கூடையை அவர் முன்னால் மணலில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். குட்டி விழித்துக்கொண்டு கூடையின் விளிம்பில் முன்காலை வைத்து எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார்.

"ஏது?"

"வாங்குனது."

"எவ்ளோ?"

"பதினொண்ணு."

"நூறா?"

"ஆயிரம்."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதட்டோரம் கோணியது. "யாரு வாங்குனது? நீயா?"

"பின்ன, உங்கொப்பனா?"

"பாத்தா வாங்குன?"

"பாத்துத்தான் வாங்குனேன்."

"எந்தப் பக்கம் பாத்து?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா பதில் சொல்வதற்குள் அந்த மனுஷன் எழுந்துவிட்டார். கொஞ்ச தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மச்சான், இங்க வாடா. இந்தக் கரைல எவனாலும் ஏமாத்த முடியாதவள மறைமலைநகர்ல ஒருத்தன் ஏமாத்திட்டான்டா. பதினோராயிரம்டா மச்சான்." வலையைப் போட்டுவிட்டு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர் குட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமும் அந்த விலையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய தொகையைத் தன் பொருட்டு அவள் இழந்துவிட்டாள் என்பது அந்த மனுஷனுக்கு எப்படி இனித்தது என்று பார்க்கவேண்டுமே. அன்றைக்கே குட்டிக்குப் பேரும் வந்துவிட்டது. பதினொண்ணு. அக்கா எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். குப்பம் முழுக்க, "டேய் பதினொண்ணு, வாடா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்கா எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "சிரிக்கட்டும் வுடு. பேஜாரு புடிச்ச மனுசன்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சில நாள் எங்கள் தெருமுனையில் அக்காவைக் காணோம். என் வீட்டுக்காரி கருவாட்டிலேயே ஒப்பேற்றினாள். குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா, மனுஷன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாரா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு அவள் கிளம்புகிற நேரம், தெருமுனையில் அந்தப் பழைய குரல் கேட்டது. ரெண்டு பேரும் ஓடினோம். கூடையில் ஐஸ் இல்லை. சங்கரா மீன், கண் மங்காமல், செதிள் சிவந்து, கடலிலிருந்து நேராக எழுந்து வந்தது போல இருந்தது. என் வீட்டுக்காரி விலை கேட்டாள். அக்கா சொன்னார். வழக்கமாக எங்களுக்குச் சொல்கிற விலையைவிடக் கூட இருந்தது.

"இன்னாக்கா, எங்களுக்கே இப்படியா? கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றாள் அவள்.

அக்கா அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இன்னைக்குப் பேரம் கெடையாது கண்ணு. இது எங்கூட்டுக்காரரு வலைல வந்தது."

பஸ் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரி மறுபேச்சுப் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்து, இரண்டு கிலோ வாங்கினாள்.